இரண்டரைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். நீயும் அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் பதிலில் அந்த ஒரே வார்த்தையோடு முடித்துவிடாதே, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சாப்பிட்டால் உட்கார்ந்து சாப்பிடுகிறாயா என்பதையும் எழுது. போன வாரம் வீடியோவில் பேசியபோது உன் முகத்துக்கு முன்னால் உன் கழுத்தெலும்பு வந்து நின்றது. உலகத்துக் கர்ப்பிணிகள் எல்லாம் என்ன சாப்பிட வேண்டும் என்று பட்டியல் போடுகிறவள் பிஸ்கட்டில் காலம் தள்ளுகிறாள் என்று வெளியே தெரிந்தால் நன்றாக இருக்காது.

அப்பாவின் முழங்காலுக்குக் காரணம் நீதான். பத்திரிகையில் வந்த உன் படத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஹாலில் மாட்டியே தீருவேன் என்று நின்றார். ஸ்டூலில் ஏறாதீர்கள் என்றேன், "உலகமே என் பொண்ணைத் திரும்பிப் பார்க்குது, நான் ஒரு ஸ்டூல்ல ஏறக் கூடாதா" என்றார். ஏறியது நன்றாகத்தான் ஏறினார், இறங்கியதில்தான் கொஞ்சம் அவசரம். படம் கோணலாக மாட்டியிருக்கிறது, நீ தலையைச் சாய்த்துக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சந்தேகமாகப் பார்க்கிறாய். தம்பி உடம்பு இளைக்க வேண்டும் என்று ஒரு சைக்கிள் வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அது எங்கள் வாசலில் நிற்கிறது, அவன் பஸ்ஸில் போகிறான். சைக்கிள்தான் இளைத்துக்கொண்டு வருகிறது, போன வாரம் மணியைக் காணோம், இந்த வாரம் பின் சீட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் அழுதாலும் அழுவேன், இரண்டுமே இந்த வேலைக்கு உதவாது. மேலும் இது கையெழுத்தோடு தாளில் இருக்க வேண்டிய சமாச்சாரம். படித்து முடித்த பிறகு கூப்பிடு, பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டாய் இல்லையா, உன் ஆராய்ச்சியை எட்டு நாடுகள் சேர்ந்து எடுத்துக்கொள்ளப் போகின்றன, அடுத்த மாதம் இருபதாம் தேதி கூட்டத்தில் நீதான் பேசப் போகிறாய் என்று. நான் உனக்கு அம்மா என்பதை மறந்து, ஏதோ வெளியாளுக்குச் சொல்வதுபோல அன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாய். ஒரு ஆஸ்பத்திரியின் பழைய பிரசவ ரிஜிஸ்டர்களை எடுத்துக் குழந்தைகளின் எடையைக் கூட்டிப் பார்த்தாயாம். ஒரு குறிப்பிட்ட வருஷத்திலிருந்து, இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கிற குழந்தைகளின் எண்ணிக்கை திடீரென்று பாதிக்கும் கீழே போயிற்றாம். அதே வருஷம்தான் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க ஆரம்பித்தார்களாம். பத்தொன்பது வருஷம் கழித்து மாவை நிறுத்தினார்கள், உடனே எடை குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டதாம். இதைவிடத் தெளிவாக ஒரு சாட்சி கிடைக்காது என்றாய். "அம்மா, அது உன் வார்டும்மா, நீ வேலை பார்த்த அதே வார்டு" என்று சந்தோஷத்தில் கத்தினாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

அந்த வருஷம் நீ ஏழாம் வகுப்பு. நான் அந்த வார்டுக்குத் தலைமைச் செவிலியரான வருஷம். பத்தொன்பது வருஷம் கழித்து, மாவும் நானும் ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றோம். நீ மாவை மட்டும் கவனித்திருக்கிறாய்.

எங்கள் வார்டு சுவரில் ஓர் உத்தரவுத் தாள் ஒட்டியிருக்கும், இரண்டரை கிலோவுக்குக் கீழே இருக்கும் எந்தக் குழந்தையையும் உடனே எடை குறைந்த குழந்தைகள் அறைக்கு அனுப்ப வேண்டும் என்று. அந்த அறை பின்கட்டில் மூன்றாவது மாடி, லிப்ட் இருந்தது, அதற்குள் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தாய் அங்கே போகக் கூடாது, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், பிள்ளை பெற்ற மறுநாள் மூன்று மாடி ஏற முடிந்தால். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு குழந்தை, சில நாள் மூன்று. நன்றாகச் சப்பிக்கொண்டு இங்கிருந்து போன குழந்தை நான்காம் நாள் காய்ச்சலோடு கிடக்கும். திரும்பி வந்தவை உண்டு, வராதவையும் உண்டு. நான் சாதாரணச் செவிலியராக இருந்தவரை உத்தரவுப்படி அனுப்பினேன், துணியில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறேன். தலைமைப் பொறுப்பு வந்த முதல் மாதமே அனுப்புவதை நிறுத்தினேன். உத்தரவை எதிர்த்துப் பேசவில்லை, பேசினால் ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள், அது முடிவதற்குள் நீ கல்யாண வயதுக்கு வந்திருப்பாய். பேனாவை மட்டும் எடுத்தேன்.

இரண்டு கிலோவுக்கு மேலே, இரண்டரைக்குக் கீழே, நன்றாக அழுகிறது, சப்புகிறது, பாதம் சூடாக இருக்கிறது என்றால் அந்தக் குழந்தைக்கு எடைக் கட்டத்தில் 2.5 என்று எழுதினேன். எழுதிவிட்டு அதன் வலது பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி. அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவள் அந்தப் புள்ளியைப் பார்த்தால், இது உண்மையில் சின்னது, தாயின் துணிக்குள் நெஞ்சோடு போட்டு வை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதத்தைத் தொட்டுப் பார் என்று அர்த்தம். நீ ஒருமுறை இதையே ஏதோ பையில் குட்டியை வைத்திருக்கும் மிருகத்தின் பெயரைச் சொல்லிப் பெரிய கண்டுபிடிப்பாக எனக்கு விளக்கினாய், நானும் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் வார்டில் அதற்குப் பெயர் "உள்ளே போடு", அவ்வளவுதான். இரண்டு கிலோவுக்குக் கீழே போனதை ஒருநாளும் மாற்றி எழுதியதில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். யோசனை என்னுடையது, மற்ற செவிலியர்கள் நான் சொன்னதைச் செய்தார்கள், அவர்கள் பேரை நீ கேட்காதே, நான் சொல்லவும் மாட்டேன். எனக்குப் பிறகு வந்தவள் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள், அவள் வருவதற்குள் தாய்மாரை அந்த அறைக்குள் விட ஆரம்பித்திருந்தார்கள், அவளுக்குப் புள்ளி தேவைப்படவில்லை. உன் வரைபடத்தில் கோடு இறங்கியதும் பிறகு ஏறியதும் இவ்வளவுதான்.

மாவைப் பற்றி நான் தப்பாகப் பேசவில்லை, அது நல்லதாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. வார்டுக்கு அது மூட்டை மூட்டையாக வரும், கர்ப்பிணிகள் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். எங்களுக்கு நன்றாகப் பயன்பட்டது. சுவரில் இருந்த உத்தரவுத் தாள் ஒருமுறை கிழிந்து புதிது வந்தபோது அந்த மாவைக் கரைத்துத்தான் ஒட்டினோம், இன்றைக்கும் அதைப் பிய்க்க முடியவில்லை என்று கேள்வி.

நீ போனை வைத்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சமையல் ஓடவில்லை, அப்பா உப்பில்லாததைச் சாப்பிட்டுவிட்டு இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கடைசியில், "அப்படின்னா தினமும் காலையில எனக்கு பிரஷர் பார்த்து நூத்தி முப்பதுன்னு சொல்றியே, அது நிஜமா" என்று கேட்டார். நூற்று நாற்பத்தெட்டு என்றேன். அன்றிலிருந்து இரண்டு வேளை நடக்கப் போகிறார், முழங்காலோடு. உன் படத்தை மட்டும் கழற்றவில்லை.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்குத் தராசு அக்கா வந்தாள். அவளை உனக்குத் தெரியும், எங்கள் வார்டில் ஆயாவாக இருந்தவள், குழந்தையைத் தராசில் போடும்போது முள் நிற்கும்வரை தானும் மூச்சு விடாமல் நிற்பாள், அதனால் அந்தப் பெயர். ரெக்கார்டு ரூம் கிளார்க் அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார். "உன் பொண்ணைத் தராசில போட்டதே நான்தான், எங்கிட்டயே கடிதம் கேக்கறியா" என்று தராசு அக்கா சத்தம் போட்டதும் கதவைத் திறந்தார். திறந்த கையோடு தன் பெண்ணின் வரியைத் தானே தேடிக் காட்டினார், பெருமையாக. 2.5, பக்கத்தில் புள்ளி. "இந்தப் புள்ளி என்ன சிஸ்டர்" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு வருஷமா என் பொண்ணு ரெண்டரை கிலோன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேனே" என்றார். அந்தப் பெண் இப்போது வாலிபால் ஆடுகிறாளாம், அவருக்கே எட்டாத அலமாரியை அவள்தான் எட்டித் திறக்கிறாளாம்.

ஒரே ஒரு புத்தகத்தை உட்கார்ந்து எண்ணினோம். நானூற்றுப் பன்னிரண்டு பிரசவம், அதில் 2.5 என்று எழுதியது நூற்று முப்பத்தொன்று, புள்ளியோடு இருப்பது தொண்ணூற்றேழு. உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ரிஜிஸ்டர்களைப் படம் எடுக்க உன் குழுவிலிருந்து வந்த கண்ணாடி போட்ட பெண் கிளார்க்கிடம், கறை புள்ளி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே துடைத்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள். நன்றாகவே துடைத்திருக்கிறது. அப்புறம் கிளார்க் இன்னொன்று சொன்னார். எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டதால் அசல் புத்தகங்களை வைத்திருக்க வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவாம், இந்த மாதக் கடைசியில் லாரி வருகிறது, காகித ஆலைக்குப் போய் அரைத்துவிடுவார்கள். "இன்னும் பத்து நாள் சிஸ்டர், அப்புறம் யாருக்கும் தெரியாது" என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பத்து நாளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நீ கூட்டத்தில் பேசுவாய், உன் பேர் நிலைக்கும், சொந்த அம்மாவின் பொய்யை நம்பி ஏமாந்தவள் என்று யாரும் உன்னைச் சொல்ல மாட்டார்கள். எட்டு நாட்டில் மாவு கொடுப்பார்கள், மாவு யாரையும் கொல்லாது. வெள்ளிக்கிழமை முழுவதும் இப்படியே எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு துணி மடித்தேன். துவைக்காத துணியையும் மடித்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன். அதைச் சொல்ல வேண்டுமானால் இருபத்திரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியான ஷிப்ட், தையல் வேலை செய்கிற ஒருத்தி, முதல் பிரசவம். குழந்தை இரண்டு கிலோ நூறு. அழுதது, சப்பியது, பாதம் சூடாக இருந்தது. 2.5 எழுதினேன், புள்ளி வைத்தேன், உள்ளே போடு என்றேன். அவள் ரொம்ப கவனமாகத்தான் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது. மேலே அனுப்பியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அதை இன்றுவரை எந்தப் பக்கமும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய டாக்டர் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார், இரண்டரை கிலோ என்று இருந்தது. நல்ல எடையில் பிறந்த குழந்தை எப்படிப் போகும் என்று யோசித்துவிட்டு அவளிடம், "பால் கொடுக்கும்போது தூங்கிட்டியா, மேல படுத்துட்டியா" என்று கேட்டார். அவளுடைய வீட்டுக்காரரும் மாமியாரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் என்னைத்தான் பார்த்தாள். என் கையில் பேனா இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் உனக்கு வெள்ளைக் கோட்டு வாங்கப் போனோம், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த வாரம், தோள் சரியாக உட்காரவில்லை என்று மூன்று கடை ஏறி இறங்கினோம். நான் ஏன் எதற்கும் சரி சரி என்று தலையாட்டுகிறேன் என்று நீ கேட்டாய்.

அவள் வீடு எனக்குத் தெரியும், ரிஜிஸ்டரில் விலாசம் இருந்தது. மார்க்கெட்டுக்குப் போக அந்தத் தெருதான் குறுக்கு வழி, இத்தனை வருஷமும் நான் சுற்றித்தான் போனேன், அப்பா கேட்டால் நடப்பது உடம்புக்கு நல்லது என்பேன். சனிக்கிழமை குறுக்கு வழியில் போனேன். வாசல் அறையிலேயே மெஷின் போட்டு ஏதோ பள்ளிச் சீருடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். தனியாகத்தான் இருக்கிறாள், வீட்டுக்காரர் அந்த வருஷமே போய்விட்டாராம். என்னை அடையாளம் தெரிந்தது. நின்றுகொண்டே சொன்னேன், எடை, புள்ளி, அந்த அறை, டாக்டர் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மெஷினிலிருந்து காலை எடுக்காமல், "அப்போ நான் மேல படுத்து அமுக்கலையா" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நல்லாத் தெரியுமா" என்றாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், குழந்தை ரொம்பச் சின்னது, உன் மேல் சொன்ன பழிக்கு ஆதாரமே நான் எழுதிய பொய்தான் என்றேன். கொஞ்ச நேரம் தைத்தாள். அப்புறம், "அதை எழுதித் தரீங்களா சிஸ்டர்" என்றாள். அளவு எழுதும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். தேதி, நேரம், பெண் குழந்தை, எடை 2.1, தவறாக எழுதியது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தரம் படித்தாள். மடித்து ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மறுபடி மெஷினை மிதித்தாள். எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், வேண்டியிருந்தது.

அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு உனக்கு எழுதாமல் இருக்க முடியாது. மாவு யாரையும் கொல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் இல்லையா, அது சரிதான், ஆனால் அந்த எட்டு நாட்டிலும் எங்கேயாவது ஒரு மூன்றாவது மாடி இருக்கும், கண்ணாடிக்கு வெளியே ஒருத்தி நிற்பாள், மாவு கொடுத்தாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

ஆகவே நேற்று, திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போய் மனுக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷத்துப் பிரசவ ரிஜிஸ்டர்களை அழிக்கக் கூடாது, காரணம் எடைகள் தவறு, வேண்டுமென்றே எழுதியது நான், புள்ளி வைத்தவை எல்லாம் இரண்டரைக்குக் கீழே, என்று. சீல் போட்டு வாங்கிக்கொண்டார்கள், நகல் இதோடு வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன் என்று கோபப்படுவாய். கேட்டிருந்தால், அம்மாவைக் காட்டிக் கொடுப்பதா, வேலையைக் காட்டிக் கொடுப்பதா என்று நீ உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனை உனக்கு வேண்டாம் என்றுதான் முந்திக்கொண்டேன். இனி நீ முடிவு செய்ய ஒன்றும் இல்லை, கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வது மட்டும்தான் பாக்கி. அவமானமாக இருக்கும், எனக்குத் தெரியும். உன்னை இந்த நிலையில் நிறுத்தியதற்கு நான் படுகிற வேதனையைத் தாளில் எழுதத் தெரியவில்லை, வார்டில் எங்களுக்குக் கட்டத்துக்குள் எழுதித்தான் பழக்கம்.

புள்ளி வைத்த ஒவ்வொரு குழந்தையும் சரியாக எத்தனை கிலோ என்று என்னிடம் கேட்காதே. தெரியாது. தெரிந்ததுபோல எழுதிக் கொடுத்தால் பழைய வேலையையே மறுபடி செய்ததாகும். புள்ளி வைத்தவர்களில் பிழைத்தவர்கள் எத்தனை பேர், மூன்றாவது மாடிக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் என்று நீ எண்ணலாம், அதற்குப் புத்தகம் இருக்கிறது, அது உன் தொழில். எண்ணி முடிப்பதற்குள் அம்மா குழந்தைகளைக் காப்பாற்றினாள் என்று எங்கேயும் எழுதிவிடாதே. எண்ணிய பிறகு என்ன வருகிறதோ அதை எழுது. நான் யார் என்று எழுதும்போது ஒரு செவிலியர் என்று பொதுவாகப் போடாமல் உன் அம்மா என்றே போடு.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும், கையிலெடுத்த வேலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனமார வாழ்த்துகிறோம். இருபதாம் தேதி காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ. ஒன்றை மட்டும் மறக்காதே, உன் கம்ப்யூட்டரில் எந்த எண்ணைத் திருத்துவதற்கு முன்னாலும் இதை முதலில் திருத்து, செவ்வாய்க்கிழமை, மத்தியானம், பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு.

இப்படிக்கு,
எழுதியவள்,
உன் அம்மா